விடிய விடியக் கூத்து: கேம்கார்டரா, மிரர்லெஸ்ஸா?

கேள்வி இது: "திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவின் பாரதக் கூத்தை ஆவணப்படமாக எடுக்கப் போகிறேன். பத்து இரவுக் கூத்து, கடைசி நாள் படுகளம், கலைஞர்களின் பேட்டிகள். உடன் யாரும் இல்லை, நான் ஒரே ஆள். கையில் இரண்டு லட்சம் ரூபாய். நண்பர்கள் மிரர்லெஸ் வாங்கு என்கிறார்கள். கல்யாண வீடியோ எடுக்கும் உறவினர் ஒருவர் கேம்கார்டர்தான் உனக்குச் சரி என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?"

உறவினர் பேச்சைக் கேளுங்கள். ஆனால் முழுதாக அல்ல. இரண்டு லட்சத்தையும் ஒரே கேமராவில் கொட்டாமல், ஒரு அங்குல சென்சார் (வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு) உள்ள கேம்கார்டர் ஒன்றை, அதாவது லென்ஸ் நிரந்தரமாகப் பொருத்திய வீடியோ கேமரா ஒன்றைக் கைமாறிய நிலையில் வாங்குங்கள். மிச்சப் பணத்தில் சின்ன மிரர்லெஸ் (லென்ஸ் மாற்றக்கூடிய, ஃபோட்டோவும் வீடியோவும் எடுக்கும் கேமரா) ஒன்று, நல்ல வெளிச்சம் வாங்கும் லென்ஸ் ஒன்று, ஒலிக் கருவிகள், ஹார்ட் டிஸ்க். ஒன்றுதான் வாங்க முடியும் என்ற நிலை வந்தால், உங்கள் படத்துக்குக் கேம்கார்டர். கூத்து அங்கங்கே வந்து போனால் போதும், கலைஞர்களின் வாழ்க்கைதான் படம் என்றால் மட்டும் இந்தத் தீர்ப்பு தலைகீழாகும்.

பொதுவாக இந்தக் கேள்விக்குப் பதில் சொல்பவர்கள் பட அழகில் தொடங்குவார்கள். அது தவறான இடம். பேட்டியை மறுநாள் மறுபடி எடுக்கலாம். பத்து மணிக்குக் களரி கட்டித் தொடங்கும் கூத்து விடியும் வரை யாருக்காகவும் நிற்காது. இடையில் கேமரா நின்றால் அந்தக் காட்சி அடுத்த ஆண்டுதான், அதுவும் அந்த ஊரில் அந்தக் கூத்துக் குழு மறுபடி ஆடினால். ஆகவே எது நிற்காமல் ஓடும் என்று முதலில் பாருங்கள். எது அழகாகக் காட்டும் என்பது அதற்கு அடுத்த கேள்வி.

முதலில் இருட்டைப் பற்றிப் பேசிவிடுவோம். மிரர்லெஸ் வாங்கச் சொல்பவர்களின் முதல் வாதம் அதுதான், அதில் பாதி உண்மையும் உண்டு. ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36 × 24 மி.மீ. கேம்கார்டர்களின் 'ஒரு அங்குல' சென்சார் 13.2 × 8.8 மி.மீ. (எந்தப் பக்கம் அளந்தாலும் ஒரு அங்குலம் வராது. பழைய கேமராக் குழாய்களின் விட்டத்தை வைத்து வந்த பெயர் அது, அப்படியே ஒட்டிக்கொண்டது.) பரப்பளவில் ஏழு மடங்குக்கு மேல் வித்தியாசம், அதாவது ஏறக்குறைய மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு). அதோடு எஃப் 1.8 லென்ஸும் (எஃப் என்பது லென்ஸின் திறப்பு, அதாவது அப்பர்ச்சர்; எண் சிறிதானால் வெளிச்சம் கூடும்) மாட்டினால், எஃப் 2.8 உள்ள கேம்கார்டரை விட இன்னும் ஒன்றேகால் ஸ்டாப் கூடும். கணக்கு இதுவரை சரி.

கணக்கில் விட்டுப்போவது ஃபோகஸ் ஆழம். ஃபுல் ஃப்ரேமில் 85 மி.மீ. லென்ஸை எஃப் 1.8இல் வைத்து மூன்று மீட்டர் தூரத்தில் நிற்பவரை எடுத்தால் கூர்மையாகத் தெரியும் ஆழம் சுமார் 13 செ.மீ., அரைச் சாணுக்குக் கொஞ்சம் மேல். பேட்டியில் உட்கார்ந்திருப்பவருக்கு அது போதும். களரியில் (கூத்து ஆடும் இடத்தில்) சுழன்றாடும் துரியோதனனுக்கும், அவனைச் சுற்றிச் சுற்றி வரும் கட்டியக்காரனுக்கும் (கூத்தின் கோமாளி), பின்னால் பெஞ்சில் இருக்கும் பின்பாட்டுக்காரர்களுக்கும் போதவே போதாது. அதே சட்டகத்தை ஒரு அங்குல கேம்கார்டரில் எஃப் 3.5 அளவில் எடுத்தால் ஏறக்குறைய 70 செ.மீ. ஆழம் கிடைக்கும். ஃபுல் ஃப்ரேமில் அதே ஆழம் வேண்டுமானால் அப்பர்ச்சரை எஃப் 9 வரை மூட வேண்டும். மூடிய கணமே மூன்று ஸ்டாப் லாபமும் காற்றில் போய்விடும். பெரிய சென்சாரின் வெளிச்சமும் அதன் மெல்லிய ஃபோகஸும் ஒன்றோடொன்று பிணைந்தவை. ஒன்றை மட்டும் தனியாக எடுத்துக்கொள்ள முடியாது.

உங்கள் பட்ஜெட்டில் வரக்கூடியது ஃபுல் ஃப்ரேமும் அல்ல, பெரும்பாலும் இரண்டுக்கும் இடைப்பட்ட ஏ.பி.எஸ்.சி. சென்சார்தான். அதன் பரப்பு ஒரு அங்குலத்தைப் போல மூன்று மடங்கு, ஒன்றரை ஸ்டாப்புக்குக் கொஞ்சம் மேல். அதில் எல்லோரும் மாட்டும் சோனி 18-105 மி.மீ. ஜூம் லென்ஸ் எஃப் 4. கேம்கார்டரின் லென்ஸ் அகலக் கோணத்தில் எஃப் 2.8. ஒரு ஸ்டாப் அங்கேயே கழிந்துவிடுகிறது. மிஞ்சுவது முக்கால் ஸ்டாப்புக்கும் குறைவு. இந்த முக்கால் ஸ்டாப்புக்காகக் கேம்கார்டரின் மற்ற எல்லா வசதிகளையும் இழப்பது புத்திசாலித்தனம் அல்ல. அதே ஏ.பி.எஸ்.சி. உடலில் 35 மி.மீ. எஃப் 1.8 மாட்டினால் மூன்று ஸ்டாப் வித்தியாசம் வரும். அது உண்மையான லாபம். ஆனால் ஜூம் கிடையாது. அந்த லென்ஸுக்கு உரிய இடம் ஒன்று இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

இன்றைய கூத்து மேடையில் பெட்ரோமாக்ஸ் விளக்கு இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். இரண்டு மூன்று எல்.இ.டி. ஃபோகஸ் லைட், டியூப் லைட், சீரியல் செட் என்று களரியில் வெளிச்சம் தாராளமாகவே இருக்கும். ஒரு அங்குல சென்சார் அதைச் சமாளித்துவிடும், கெயினை (கேமரா செயற்கையாக ஏற்றும் வெளிச்சம்) 9 முதல் 12 டெசிபலுக்குள் நிறுத்திக்கொண்டால் இரைச்சலும், அதாவது படத்தில் மொய்க்கும் புள்ளிகளும், உறுத்தாது. அங்குலத்தில் கால் பங்கு, மூன்றில் ஒரு பங்கு அளவு சென்சார் உள்ள கல்யாணக் கேம்கார்டர்களை இதற்குப் பரிந்துரைக்க மாட்டேன். அவை மண்டப வெளிச்சத்துக்கு ஏற்றவை. களரிக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் ஊர்ச் சனத்தின் பக்கம் அவற்றைத் திருப்பினால் மண்ணெண்ணெய்ப் புகைபோல் இரைச்சல் எழும்.

அடுத்தது ஜூம். கேம்கார்டர் லென்ஸ் 29 மி.மீ.யில் தொடங்கி 348 மி.மீ.க்கு இணையான தூரம் வரை, ஒரே விரலில், கட் இல்லாமல் போகும். ஜூம் செய்யும்போது ஃபோகஸ் மாறாமல் நிற்கும்படி உள்ளேயே ஈடுசெய்யப்படுகிறது. முகத்துக்கு நெருங்கி ஃபோகஸ் வைத்து, பின்வாங்கி, மறுபடி நெருங்கினாலும் கூர்மை அங்கேயே இருக்கும். புகைப்படத்துக்கான ஜூம் லென்ஸ்கள் பெரும்பாலும் அப்படியில்லை. அவற்றில் கோணத்தை மாற்றினாலே ஃபோகஸ் நகரும். அர்ஜுனன் தபசு என்னும் கூத்தில், நட்டுவைத்த உயரமான தபசு மரத்தின் உச்சியில் இருப்பவரின் முகம் உங்களுக்கு வேண்டும், அடுத்த நொடியே கீழே கூடி நிற்கும் பெண்களும் வேண்டும். அந்தத் தூரத்தை ஃபுல் ஃப்ரேமில் எட்ட 100-400 மி.மீ. லென்ஸ் தேவை. சோனியின் லென்ஸ் ஒன்றே ஏறக்குறைய ஒரு கிலோ நானூறு கிராம், விலை உங்கள் மொத்தப் பணத்தையும் விழுங்கும். அதைக் கழற்றி அகல லென்ஸ் மாட்டுவதற்குள் கீழே நடந்தது முடிந்திருக்கும். புழுதியும் கற்பூரப் புகையும் பறக்கும் இடத்தில் லென்ஸைக் கழற்றினால் சென்சாரில் கறை விழுவது உறுதி.

ஆட்டோ ஃபோகஸில் மிரர்லெஸ் முந்தி நிற்கிறது என்பது உண்மை. ஆனால் கூத்து அதற்கு வைக்கும் பரீட்சை வேறு. வேடம் கட்டியவர் முதலில் திரைக்குப் பின்னால் நின்று பாடுவார். இருவர் பிடித்திருக்கும் அந்தத் துணியில்தான் கேமரா கண் வைக்கும். திரை விலகியதும் அது இன்னொரு முறை தேடத் தொடங்கும், நமக்கு வேண்டிய முதல் அடி அந்தத் தேடலில் கலங்கிப் போகும். அடர்ந்த அரிதாரமும் கிரீடமும் பூண்ட முகத்தை, முகம் என்றே சில கேமராக்கள் ஒப்புக்கொள்வதில்லை. எந்தக் கேமராவானாலும் திரை வரும்போது ஃபோகஸை மேனுவலுக்கு மாற்றி, திரைக்கு அரை மீட்டர் பின்னால் இருக்கும் தூரத்தில் பூட்டிவிடுங்கள். ஆழம் அதிகமுள்ள கேம்கார்டரில் இந்தப் பூட்டு தவறுவது அபூர்வம். எஃப் 1.8 மிரர்லெஸ்ஸில் அது சூதாட்டம்.

இனி நேரம். பல மிரர்லெஸ் கேமராக்கள் 29 நிமிடம் 59 நொடியில் தானாக நின்றுவிடும். தொழில்நுட்பக் குறை என்று பலர் நினைக்கிறார்கள். அரை மணி நேரமும் அதற்கு மேலும் தொடர்ந்து பதிவு செய்யும் கருவியை வீடியோ கேமராவாகக் கணக்கிட்டு ஐரோப்பிய ஒன்றியம் கூடுதல் சுங்கவரி விதித்ததால் கம்பெனிகள் வைத்துக்கொண்ட வேலி அது. 2018இல் வந்த சோனி ஏ7 மார்க் 3இலும் அந்த வேலி உண்டு. புதிய மாடல்கள் பலவற்றில் எடுத்துவிட்டார்கள். வேலி போனாலும் சூடு போகவில்லை. சென்சார் பெரிது, உடல் சிறிது, தூசி புகாமல் மூடியது, விசிறி இல்லை. 4கே ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தச் சூட்டுக்கு வெளியேற வழி கிடையாது. பெரும்பாலான கேமராக்களுக்குத் தயாரிப்பாளர் குறிப்பிடும் வேலை வெப்பநிலை 0 முதல் 40 டிகிரி வரை. திருவண்ணாமலை, வேலூர்ப் பக்கம் சித்திரை, வைகாசியில் நிழலிலேயே 40ஐத் தொடும். நேரடி வெயிலில் கறுப்பு உடல் எவ்வளவு சுடும் என்று கையை வைத்தாலே தெரியும்.

மிரர்லெஸ்ஸிலேயே இதற்கு விதிவிலக்குகள் இருக்கின்றன. 2022இல் வந்த சோனி எஃப்.எக்ஸ்.30, 2023இல் வந்த பானசோனிக் எஸ்5 மார்க் 2 இரண்டிலும் உள்ளே விசிறி உண்டு, நேரக் கட்டுப்பாடும் இல்லை. இவற்றில் ஒன்று மலிவாகக் கிடைத்தால் என் தீர்ப்பு கொஞ்சம் ஆட்டம் காணும் என்று ஒப்புக்கொள்கிறேன். விசிறி இல்லாத சோனி கேமரா என்றால் மெனுவில் 'தானாக அணையும் வெப்பநிலை' என்பதை உயர் நிலையில் வையுங்கள். தொழிற்சாலை அமைப்பில் அது சாதாரண நிலையில் இருக்கும், பாதிப் புகார்களுக்குக் காரணம் அதுதான். திரையை உடலோடு ஒட்டி வைக்காமல் விரித்து வையுங்கள், பின்பக்கம் காற்றுப் படும். 50 பிரேம் வேண்டாம், 25 போதும். சூடு கணிசமாகக் குறையும்.

பேட்டரியிலும் இதே கதைதான். சோனி எச்.எக்ஸ்.ஆர். என்.எக்ஸ்.100 கேம்கார்டர் எடுத்துக்கொள்ளும் என்.பி.எஃப்.970 வகை பேட்டரி ஏறக்குறைய 47 வாட்-மணி. எஃப்.எக்ஸ்.30இன் பேட்டரி 16. சோனியின் சின்ன மிரர்லெஸ்ஸான இசட்.வி. இ10இன் பேட்டரி 7 சொச்சம்தான். முதலாவதில் இரண்டு வைத்திருந்தால் ஒரு இரவு கழிந்துவிடும். கடைசியது முக்கால் மணி, ஒரு மணிக்கு ஒரு தடவை கையைக் கேட்கும். அந்தப் பெரிய பேட்டரிதான் சந்தையில் கிடைக்கும் பாதி எல்.இ.டி. லைட்டுகளுக்கும் பொருந்துவது, ஆகவே எந்த ஊர் வீடியோக்காரரிடமும் அவசரத்துக்கு ஒன்று கிடைக்கும். இது எந்த விவரப் பட்டியலிலும் வராத நன்மை. மிரர்லெஸ்ஸுக்குப் பவர் பேங்க் மாட்டி ஓட்டலாம், ஓட்டவும் வேண்டும். ஆனால் சார்ஜர் வயர் தொங்கும் கேமராவைக் கூட்டத்தில் தூக்கிக்கொண்டு ஓட முடியாது.

கார்டு கணக்கையும் இப்போதே போட்டுவிடுங்கள். 100 மெகாபிட் 4கே என்றால் மணிக்கு 45 ஜி.பி. எட்டு மணி நேரக் கூத்து 360 ஜி.பி. பத்து இரவு 3.6 டி.பி. இரண்டு பிரதி வைத்தால் 7.2 டி.பி. நொடிக்கு 50 மெகாபிட் ஃபுல் எச்.டி.யில் எடுத்தால் இதில் சரிபாதி. முழு இரவையும் 4கேயில் எடுக்க வேண்டிய அவசியம் இல்லை என்பது என் கருத்து. திரையரங்குக்குப் போகும் 2கே டி.சி.பி.யின் அளவே 1998 × 1080தான். அகலச் சட்டகத்தில் ஓடும் கூத்துக்கு ஃபுல் எச்.டி. தாராளம். கேம்கார்டர்களில் இரண்டு கார்டு இடம் உண்டு. ஒன்று நிரம்பியதும் இடைவெளி இல்லாமல் மற்றதுக்குத் தாவும் ரிலே முறையில் வையுங்கள், நிரம்பியதை ஓட்டத்திலேயே மாற்றலாம். இ10இல் ஒரே கார்டுதான், மாற்றும்போது கூத்து போய்விடும். ஏ.வி.சி.எச்.டி. முறையில் எடுத்தால் ஒரு குறிப்பு: நீண்ட பதிவைக் கேமரா துண்டு துண்டாக வெட்டி வைக்கும். கணினியில் ஏற்றும்போது வீடியோக் கோப்புகளை மட்டும் பொறுக்கி எடுத்தால், துண்டுகள் சேரும் இடத்தில் சில பிரேமும் ஒலியும் காணாமல் போகும். கார்டில் உள்ள மொத்த ஃபோல்டரையும் அப்படியே நகல் எடுங்கள்.

படுகள நாள், அதாவது துரியோதனன் வீழும் கடைசி நாள், பிரச்சினை நேர் எதிரானது. தரையில் மண்ணால் செய்த பிரம்மாண்டமான துரியோதனன், மேலே கொதிக்கும் வெயில். 25 பிரேமுக்கு ஷட்டர் 1/50. ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் வெளிச்ச உணர்திறன்) 100இல், உச்சி வெயிலில், அப்பர்ச்சர் எஃப் 4 வேண்டுமென்றால் ஐந்து ஸ்டாப் வெளிச்சத்தைத் தடுக்க வேண்டும். எஸ்-லாக் 3இல் (நிறத்தைப் பிறகு திருத்துவதற்காக மங்கலாகப் பதியும் முறை) எடுக்கலாம் என்று அடிப்படை ஐ.எஸ்.ஓ.வை 800க்கு ஏற்றினால் எட்டு ஸ்டாப். கடையில் கிடைக்கும் சாதாரண வேரியபிள் என்.டி. ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் கண்ணாடி, திருகினால் அளவு மாறும்) 2 முதல் 5 ஸ்டாப் வரைதான் தாங்கும். அதற்கு மேல் திருகினால் அகல லென்ஸில் சிலுவை போலக் கறுப்பு விழும். இரண்டு போலரைசர் கண்ணாடி ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பதால் வரும் கோளாறு அது, விலை கொடுத்தாலும் முழுதாகத் தீராது. வியர்வையின் மினுமினுப்பையும் அது தின்றுவிடும், அரிதாரம் பூசிய முகத்தில் அந்த மினுமினுப்பு பாதி உயிர். ஒரு அங்குலக் கேம்கார்டரில் 1/4, 1/16, 1/64 என்று மூன்று என்.டி. உள்ளேயே இருக்கும், அதாவது 2, 4, 6 ஸ்டாப். பந்தலுக்குள்ளிருந்து வெயிலுக்கு ஓடும்போது கட்டைவிரலால் ஒரு தட்டு, அவ்வளவுதான்.

என்.டி. இல்லாமல் ஷட்டரை 1/2000க்கு ஏற்றிச் சமாளிப்பவர்கள் உண்டு. அசைவு வெட்டி வெட்டித் தெரியும், பறை அடிக்கும் கை எண்ணிப் பார்க்கலாம் போலிருக்கும். அழுது புரளும் காட்சிக்கு அது ஒத்து வராது.

ஷட்டர் என்றதும் இரவின் இன்னொரு தொல்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு நொடிக்கு 100 தடவை துடிக்கிறது. 1/50, 1/100 இரண்டிலும் துடிப்பு சமமாகப் பதிவதால் படம் அமைதியாக இருக்கும். கேமரா வாங்கியபோது இருந்தபடியே 30 பிரேம், 1/60இல் விட்டுவிட்டால் திரையில் பட்டை பட்டையாக ஓடும். எடிட்டிங்கில் அதை அகற்றுவது பெரும்பாடு. மெனுவில் பி.ஏ.எல். (PAL) முறைக்கு மாற்றி 25 பிரேமில் வைத்தபின் கார்டை அந்தக் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள். ஜெனரேட்டரில் ஓடும் விளக்கு சரியாக 50இல் நிற்காது, பளு கூடக் கூட இறங்கும். மலிவான எல்.இ.டி. சீரியல் செட்டுக்கு மின்சாரத்தின் துடிப்போடு சம்பந்தமே இல்லாத தனித் துடிப்பும் உண்டு. ஷட்டரை நுண்ணிய அளவில் நகர்த்தும் வசதி சில கேம்கார்டர்களிலும் சில புதிய மிரர்லெஸ்களிலும் இருக்கிறது. அது இருந்தால் திரையைப் பார்த்தபடியே பட்டை மறையும் எண்ணில் நிறுத்தலாம். கூத்து தொடங்குமுன் மைக் செட்காரர் விளக்கைப் போட்டுப் பார்க்கும் நேரத்தில் இதைச் செய்து முடித்துவிடுங்கள். வெள்ளைச் சமநிலையை ஆட்டோவில் விடாதீர்கள். ஃபோகஸ் லைட் ஒரு நிறம், டியூப் லைட் ஒரு நிறம். 4300 கெல்வின் அளவில் கையால் பூட்டினால் எல்லாம் சமமாகக் கொஞ்சம் தப்பாக இருக்கும், பிறகு ஒரே திருத்தத்தில் சரியாகிவிடும். ஷாட்டுக்கு நடுவில் தானாக மாறிய நிறத்தைத் திருத்துவதுதான் நரகம்.

ஒலியில் வித்தியாசம் இன்னும் பெரிது. கூத்தில் முகவீணை, மிருதங்கம், தாளம், ஹார்மோனியம் எல்லாம் ஒன்றாக எழும்பும்போது கேமராவின் சொந்த மைக் கதறிவிடும். ஆட்டோ லெவலில் வைத்தால் மிருதங்கம் அடிக்கும்போது மொத்த ஒலியும் அமுங்கி, நிறுத்தியதும் கூட்டத்தின் இரைச்சல் பொங்கி வரும். எக்ஸ்.எல்.ஆர். (தொழில்முறை மைக் செருகும் துளை) உள்ள கேம்கார்டரில் இரண்டு சேனலுக்கும் தனித்தனித் திருகு, மைக்கா லைனா 48 வோல்ட்டா (மைக்குக்குக் கேமரா அனுப்பும் மின்சாரம்) என்று தேர்ந்தெடுக்கத் தனித்தனி சுவிட்ச். முதல் சேனலுக்கு மைக் செட் மிக்சரிலிருந்து நேர் வயர். சுவிட்ச் 'லைன்' பக்கம் இருக்க வேண்டும். 'மைக்' பக்கம் இருந்தால் ஒலி உடைந்து பயனற்றுப் போகும். 48 வோல்ட்டை அணைத்துவிட்டே மிக்சரைச் செருகுங்கள். உறுமல் கேட்டால் இடையில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று போட்டால் நின்றுவிடும். இரண்டாவது சேனலுக்கு உங்கள் சொந்த மைக், பின்பாட்டுக்காரர்களுக்குப் பக்கவாட்டில், கூம்பு ஒலிபெருக்கிக்கு முதுகு காட்டியபடி. மிக்சரில் வராத சலங்கையும் சனத்தின் சிரிப்பும் அதில்தான் வரும். உச்சம் மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி நிற்கட்டும்.

மிரர்லெஸ்ஸில் இருப்பது 3.5 மி.மீ. துளை ஒன்று. உள்ளே இருக்கும் ஒலி பெருக்கி சுமார் ரகம். ஆகவே வயர்லெஸ் ரிசீவரின் வெளியீட்டை உயர்த்தி, கேமராவின் ஒலி அளவை மிகக் குறைந்த எண்ணில் வைப்பது வழக்கம். இரைச்சல் குறையும். இன்னொரு வழி தனி ரெக்கார்டர். ஜூம் கம்பெனியின் எஃப்3 போன்ற 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டரில் அளவு வைக்கும் கவலையே இல்லை. முகவீணை கிறீச்சிட்டாலும் பிறகு கீழே இறக்கிக்கொள்ளலாம். சிக்கல் வேறு இடத்தில்: கேமராவின் கடிகாரமும் ரெக்கார்டரின் கடிகாரமும் ஒன்றல்ல. ஒரு மணி நேரத்தில் சில பிரேம் விலகும், உதடு ஒரு பக்கம் பாட்டு ஒரு பக்கம் என்றாகும். அரை மணிக்கு ஒரு தடவை கைதட்டல் பதிய வையுங்கள்.

இங்கேதான் கேம்கார்டரின் பெரிய உபயோகம். டிரைபாடில் நின்று இரவு முழுக்க நிற்காமல் ஓடும் அந்த ஒரே பதிவு, மற்ற எல்லாவற்றையும் கோக்கும் கயிறு. கையில் இருக்கும் மிரர்லெஸ்ஸில் அங்கங்கே எடுத்த துண்டுகளை, அவற்றின் ஒலியை வைத்து எடிட்டிங் மென்பொருளே அந்தக் கயிற்றில் உரிய இடத்தில் உட்கார வைத்துவிடும். கயிறு அறுந்திருந்தால் எந்தத் துண்டு எந்தப் பாட்டில் வருகிறது என்று தேடியே மாதங்கள் போகும்.

அப்படியானால் மிரர்லெஸ் எங்கே ஜெயிக்கிறது? ஒப்பனை இடத்தில். பள்ளிக்கூட வராந்தாவிலோ கீற்றுக் கொட்டகையிலோ ஒற்றை பல்பின் அடியில், கையில் முகம் பார்க்கும் கண்ணாடியோடு வேடம் எழுதுவார்கள். ஆள் அசைய மாட்டார், நேரம் நிறைய, வெளிச்சம் துளி. மேலே சொன்ன 35 மி.மீ. எஃப் 1.8க்கு உரிய இடம் இதுதான். கேம்கார்டர் இங்கே தோற்றுப்போகும், தோற்பதை மறைக்கவும் முடியாது. பேட்டியும் அப்படியே. ஆனால் பேட்டியில் எஃப் 1.8 வேண்டாம். பேசுபவர் உணர்ச்சியில் ஒரு சாண் முன்னே சாய்ந்தால் கண் கலங்கிவிடும், அதாவது ஃபோகஸில். எஃப் 2.8 அல்லது 4 போதும், பின்னணி தேவையான அளவு விலகிவிடும். சிறிய கேமரா என்பதால் மனிதர்களின் கூச்சமும் குறைகிறது. ஒரு தொல்லை மட்டும் உண்டு, ஃபோட்டோ எடுப்பதாக நினைத்து அசையாமல் நின்றுவிடுவார்கள். வீடியோ என்று வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.

இ10 போன்ற 8 பிட் (நிறப் படிகளைக் குறைவாகப் பதியும்) கேமராவில் எஸ்-லாக் 3 பக்கம் போகாதீர்கள். வானமும் சுவரும் பட்டை பட்டையாக உடையும். சாதாரண பட அமைப்பில், முகத்துக்கு ஜீப்ராவை (வெளிச்ச அளவைத் திரையில் கோடுகளாகக் காட்டும் வசதி) 70இல் வைத்து எடுத்தாலே கேம்கார்டர் படத்தோடு பொருத்துவது எளிது. இரண்டையும் ஒரே கம்பெனியாக வாங்கினால் நிறம் பொருத்தும் வேலை பாதியாகும். அந்தக் கேமராவைக் கையில் வைத்து வேகமாகத் திருப்பவும் கூடாது. 4கேயில் அதன் சென்சார் மேலிருந்து கீழாக மெதுவாகப் படிப்பதால் தபசு மரம் சாய்ந்து தெரியும்.

எந்த மாடல் என்றால், கேம்கார்டரில் என்.எக்ஸ்.100 தமிழ்நாட்டுக் கல்யாணத் தொழிலில் நிறையப் புழங்கியது, ஆகவே பழையது தேடுவது எளிது. ஒரு அங்குல சென்சார், எக்ஸ்.எல்.ஆர்., மூன்று என்.டி., இரண்டு கார்டு. 4கே மட்டும் இல்லை. 4கே கட்டாயம் என்றால் 2017இல் வந்த எச்.எக்ஸ்.ஆர். என்.எக்ஸ்.80 அல்லது அதன் உடன்பிறப்பு பி.எக்ஸ்.டபிள்யூ. இசட்90. அதே குடும்பத்தின் எஃப்.டி.ஆர். ஏ.எக்ஸ்.700இல் எக்ஸ்.எல்.ஆர். கைப்பிடி இல்லை, தனியாக அடாப்டர் வாங்க வேண்டும். கேனனில் எக்ஸ்.ஏ.50க்கும் ஒரு அங்குலம்தான். எக்ஸ்.ஏ.40 பார்க்க அதே போல இருக்கும், சென்சார் சிறிது, ஏமாறாதீர்கள். இரு கேமராவுக்கும் லென்ஸுக்குமாக மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் செலவழிக்க வேண்டாம். நகராத நல்ல வீடியோ டிரைபாட், மைக், டிஸ்க் எல்லாம் மிச்சத்தில் வர வேண்டும். அவற்றில் எதையும் 'பிறகு பார்க்கலாம்' என்று தள்ளிவைத்தால் கூத்து முடிந்த பிறகுதான் பார்ப்பீர்கள்.

பழைய கேம்கார்டரை வாங்கும்போது மெனுவில் ஓடிய மணிநேரம் காட்டும் பக்கம் இருந்தால் முதலில் அதைத் திறங்கள். டார்ச்சை லென்ஸுக்குச் சாய்வாக அடித்துப் பாருங்கள், சிலந்தி வலை போல் தெரிந்தால் பூஞ்சை, வேண்டாம். கடலோர ஊர்களில் இருந்து வரும் கேமராக்களில் இது சகஜம். ஜூம் பட்டனை மிக மெல்ல அழுத்தி, விட்டு விட்டு நகர்கிறதா என்று கவனியுங்கள். என்.டி. மூன்றையும் மாற்றி வெள்ளைச் சுவரைப் படம் எடுங்கள். எக்ஸ்.எல்.ஆர். இரண்டிலும் மைக் செருகி, ஹெட்ஃபோனைக் காதில் வைத்து, வயரை அசைத்துப் பாருங்கள். கரகரத்தால் விலையைக் குறையுங்கள் அல்லது விட்டுவிடுங்கள். திரையை மடக்கி விரித்து, ஏதாவது ஒரு கோணத்தில் அணைகிறதா என்றும் பார்க்க வேண்டும், உள்ளே இருக்கும் ரிப்பன் வயர் அங்கேதான் அறும்.

பணத்தைக் கொடுக்குமுன் ஒரு நாள் வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள். சென்னையில் வடபழனி, சாலிகிராமம் பக்கம் வாடகைக்குக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்பே இரண்டு கேமராவையும் மொட்டை மாடியில், பகல் பன்னிரண்டு மணி வெயிலில், நீங்கள் எடுக்கப் போகும் அதே அமைப்பில் மூன்று மணி நேரம் ஓடவிடுங்கள். எத்தனையாவது நிமிடத்தில் எது நின்றது என்று குறித்து, அந்தக் காகிதத்தைக் கேமராப் பையின் மூடிக்குள் ஒட்டிவையுங்கள். படுகளத்தன்று எதற்குக் குடை பிடிக்க வேண்டும் என்பது அதில் இருக்கும்.